மூன்றில் நின்ற முள்

லாபிரின் காருக்கு நிற்பதற்கென்று பிடித்தமான இடங்கள் சில இருந்தன. ஜும்மா கலையும் நேரத்தில் பள்ளிவாசல் முன்பக்கம் ஒன்று. துறையில், மிதவைப் பாதையில் ஏறும் சரிவு இன்னொன்று. அங்கே நின்றால் பின்னால் வரும் லொறிக்காரர்கள் ஆறுதலாக ஹோர்ன் அடிக்கலாம். "இத வித்துப் போட்டு ரெண்டு எரும வாங்கு" என்று ஒருமுறை புத்தி சொன்ன மச்சானின் வீட்டுக்கு நேர் முன்னால் மூன்றாவது. ஆளில்லாத இடத்தில் அது ஒருநாளும் நின்றதில்லை. கிண்ணியாவில் அந்த ஏ-போட்டிக் காரைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள், கார் என்றால் ஒருவர் ஓட்டுவதும் நாலு பேர் தள்ளுவதும்தான் என்று நினைத்திருந்தார்கள்.

இதையெல்லாம் மற்றவர்கள் சொல்லுமுன் தானே சொல்லிச் சிரித்துவிடுவது லாபிரின் பழக்கம். வாடகைக்கு ஹயர் பேச வருபவரிடம், தள்ளுகிறவர்களுக்கு வாடகைச் சத்தத்தில் கழிவு உண்டு என்பார். அந்தப் பகிடிகளை அவர் நிறுத்தியது வெக்கையான கச்சான் காற்று தொடங்கிய மாதத்தில்.

அவருடைய ஒரே மகள் ஜெஸீமா அப்போது தலைப்பிள்ளையோடு எட்டாம் மாதத்தில் இருந்தாள். திருகோணமலை ஆஸ்பத்திரியில் டொக்டரம்மா வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, பிள்ளை குறுக்கே கிடக்கிறது, தானாகத் திரும்பாவிட்டால் வெட்டித்தான் எடுக்க வேண்டும், பிரசவக் குத்து எடுத்தவுடன் கொண்டுவந்துவிடுங்கள், வீட்டில் வைத்துக்கொண்டு மருத்துவிச்சியைத் தேடாதீர்கள் என்று சொன்னார். சொல்லும்போது ஜெஸீமாவைப் பார்க்கவில்லை. லாபிரைப் பார்த்துத்தான் சொன்னார். "உங்களிட்டக் கார் இருக்குத்தானே" என்றும் கேட்டார். லாபிர் ஓம் என்றார். வாழ்நாளில் அவர் சொன்ன ஓம்களில் அதைப்போலப் பாரமான ஓம் வேறில்லை.

வேறு வாகனம் பார்க்கலாமென்றால், அது சாமான் தட்டுப்பாட்டுக் காலம். ஊரிலிருந்த இரண்டாவது ஹயர் கார் டயர் இல்லாமல் செங்கல்லின் மேல் உட்கார்ந்திருந்தது. மூன்றாவது கார்க்காரர் கருவாடு ஏற்றிக்கொண்டு கண்டிக்குப் போனால் எப்போது திரும்புவார் என்று அவருடைய பெண்சாதிக்கே தெரியாது. ஆஸ்பத்திரி வண்டி வருவதென்றால் அக்கரையிலிருந்து பாதைக்குக் காத்திருந்து வரவேண்டும். பாதை என்பது காரையும் லொறியையும் மாட்டையும் மனிதரையும் ஒன்றாக ஏற்றித் துறையைக் கடத்தும் மிதவை. அதில் ஏறாமல் கிண்ணியாவிலிருந்து டவுனுக்குக் கார் போக வேறு வழியில்லை. எங்களுக்குப் பாலம் வேண்டும் என்று ஊரார் எழுதிய மனுக்கள்கூட அதே பாதையில் ஏறித்தான் போயின.

காரின் நோய்க்கு ஒரு சரித்திரம் உண்டு. வருஷத் தொடக்கத்தில் அதன் பெற்றோல் பம்பின் உள் றபர் கிழிந்து போனது. கடைகளில் புதிய பம்ப் கேட்டால், முதலாளிமார் மையத்து வீட்டில் கதைப்பதுபோல் தாழ்ந்த குரலில் கதைத்தார்கள். பாலையூற்றில் கராஜ் வைத்திருந்த பேணாட்தான் கைகொடுத்தார். பேணாட்டுக்குக் குரல் பெரிது. எந்த என்ஜினும் எந்தச் சாமானோடும் ஓடும், ஆனால் நன்றாகப் பேச்சு வாங்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை. ஒரு சின்ன லொறியின் பம்பைக் கழற்றி, இடையில் இரும்புத் தகடு வெட்டி வைத்து, ஏ-போட்டியில் பூட்டிவிட்டார். கார் ஓடியது. ஓடி, சூடேறி, நின்றது. முன்பு தாகத்தில் நின்ற கார் இப்போது மூக்குமுட்டக் குடித்துவிட்டு நின்றது. கறுத்த புகை, பெற்றோல் மணம், ஸ்டார்ட் எடுக்கப் போனால் இருமல்.

பேணாட் விஷயத்தை விளங்கப்படுத்தினார். காபரேற்றருக்குள் ஒரு சின்ன ஊசி கதவு மாதிரி நின்று, போதுமான பெற்றோல் வந்ததும் அடைத்துக்கொள்ளும். பம்ப் அளவுக்கு மிஞ்சித் தள்ளினால் அந்தக் கதவு அடையாது. லொறிப் பம்பின் தள்ளுகை எத்தனை றாத்தல் என்று அளந்தால்தான் வைத்தியம் சொல்லலாம். இந்தக் காருக்கு மூன்று றாத்தலுக்கு மேல் போகக்கூடாது. அளக்கிற கேஜ் எங்கே என்று லாபிர் கேட்டார். அதைக் கிளிவெட்டியில் ஒருவர் உழவு மெசினுக்கு இரவல் கொண்டுபோய்விட்டார், வயல் வேலை முடிந்தால்தான் வரும் என்றார் பேணாட்.

இதை லாபிர் அன்று சோறு தின்னும்போது வீட்டில் சொன்னார். சொன்னது மகளிடம். கேட்டது மருமகன்.

ஊர் வழக்கப்படி வீடு பெண்ணுக்கு; மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். லாபிர் கட்டிய கல்வீடு இப்போது ஜெஸீமாவின் சீதன வீடு. அதன் முன் அறைகளில் அவளும் மருமகன் ஜவாஹிரும். குசினிப் பக்கத்துச் சாய்ப்புப் பத்தியில் லாபிரும் மனைவி பரீதாவும். ஜவாஹிர் மூதூர்ப் பிள்ளை. டவுனில் ஓர் இரும்புக் கடையில் வேலை. வெள்ளைச் சேட் போட்டுக்கொண்டு சைக்கிளில் பாதையேறிப் போய் வருவார். அமைதியானவர், மரியாதையானவர். மரியாதையில் இரண்டு பக்கமும் ஒருவரையொருவர் விஞ்சப் பார்த்தார்கள். மீன் கறியில் நடுத்துண்டு மருமகனுக்குப் போகும். மருமகன் அதில் பாதியை மாமாவுக்கென்று கறிக் கோப்பையிலேயே மிச்சம் வைப்பார். அதைத் தின்றால் மருமகனின் பங்கைத் தின்றதாகிவிடும் என்று மாமா கைவைக்க மாட்டார். கடைசியில் பூனை தின்னும். அந்த வீட்டுப் பூனையைப்போல ஒரு பூனை அந்த வட்டாரத்தில் இல்லை.

பரீதா மருமகனோடு நேரே கதைப்பதில்லை. அதுவும் வழக்கம்தான். சொல்ல வேண்டியதைக் கதவுச் சீலைக்குப் பின்னால் நின்று மகளிடம் சொல்வாள்: "மருமகன் கஞ்சி குடிக்கல்லையாமா எண்டு கேளு புள்ள." மகள் பக்கத்தில் இல்லாவிட்டால் சுவரிடம் சொல்வாள். கலியாணம் முடிந்து ஒன்றரை வருஷமாகியும் ஜவாஹிர் மாமியின் முகத்தை நேரே பார்த்ததில்லை. சுவரோடு அவருக்கு நல்ல பழக்கம்.

அடுத்த கிழமை ஜவாஹிர் ஒரு கடதாசிப் பொட்டலத்தோடு வந்தார். பிரித்தால், வெள்ளைக்காரன் நேவியை எடுத்துக்கொண்டு போனபோது விட்டுவிட்டுப் போன சாமான்களில் ஒரு கேஜ். பித்தளை உடம்பு, தடித்த கண்ணாடி, வெள்ளை முகம், கறுத்த இலக்கங்கள், நடுவே ஒரு கிரீடம். கையில் வைத்தால் ஒரு றாத்தல் பாணைவிடப் பாரம். துறைமுகத்துப் பக்கம் நேவிச் சாமான் என்றால் கேள்வி கிடையாது. நேவித் துவாலை கிழியாது, நேவிப் பெயின்ற் உரியாது, நேவி ஆணி வளையாது என்றெல்லாம் நம்பிக்கை. நேவி கேஜ் பொய் சொல்லுமா?

"மாமா தேடினீங்க எண்டு…" என்றார் ஜவாஹிர். மிச்சத்தை விழுங்கிவிட்டார்.

லாபிருக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க, கேஜின் கண்ணாடியைச் சாரத்தால் துடைத்தார். துடைக்கும்போது முள் மூன்றில் நிற்பதைக் கண்டார். ஒன்றிலும் பூட்டாமல், கையில் இருக்கும்போதே மூன்று. இருபது வருஷம் கார் ஓட்டியவருக்கு அந்த இடத்தில் ஒரு சந்தேகம் வந்திருக்க வேண்டும். வந்ததுதான். ஆனால் அது மருமகன் கொண்டுவந்த சாமான் என்பதால், சந்தேகம் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கூப்பிடும்வரை வெளியிலேயே நின்றது. கப்பலில் கடைசியாகப் பார்த்த கணக்கை ஞாபகம் வைத்திருக்கிறது போல என்று லாபிர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். காருக்கு வேண்டிய இலக்கமும் மூன்றுதான் என்பது நல்ல சகுனமாகக்கூடப் பட்டது.

அன்று பின்னேரமே பெற்றோல் குழாயில் ஒரு கிளைக்குழாய் வைத்து, அதிலிருந்து றபர்க் குழாயை மேலே எடுத்து, முன்கண்ணாடிக்கு வெளியே வைப்பருக்குப் பக்கத்தில் கேஜைக் கம்பியால் கட்டினார். ஓட்டுகிறவருக்கும் தெரியும், வீதியில் நிற்கிறவருக்கும் தெரியும். இரண்டாவதுதான் முக்கியம். அயலவர்கள் வந்து பார்த்தார்கள். "மருமகன் கொண்டாந்தது" என்று லாபிர் எல்லாருக்கும் சொன்னார். கார் ஓடும்போது மூன்று. பள்ளத்தில் விழும்போது மூன்று. முக்கி நிற்கும்போதும் மூன்று.

எனவே பம்பில் குற்றமில்லை என்று தீர்ப்பாகிவிட்டது. என்ஜின் ஓடும்போது மட்டும் முள்ளைப் பார்த்த பேணாட்டும் வேறு இடங்களில் தேடினார். காபரேற்றரைப் பிரித்துக் கழுவினார், கதவு ஊசியை மாற்றினார், பிளக்குகளைச் சுரண்டினார், காரை ஏசினார். கச்சான் சூடாகிக்கொண்டே போனது. தென்னோலைகள் தகரம்போலச் சடசடத்தன. ஜெஸீமா இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடக்கும் ஒவ்வொரு தரமும் பரீதா சுவரைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். ஒருநாள் சீனக்குடாவுக்கு ஒரு ஹயர் போய்த் திரும்புகையில் கார் வெள்ளைமணலில் நின்று, ஒரு மணித்தியாலம் அசையவில்லை. ஓரத்தில் குந்தியிருந்த லாபிர் பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. மகள் இருந்திருந்தால் என்ற நினைப்பு வந்தது. எழுந்துபோய் வேலியோரம் நின்றார்.

கிளிவெட்டிக்குப் போன கேஜ் ஒருவழியாகத் திரும்பி வந்தது. சின்னது, கண்ணாடியில் ஒரு கீறல், தலைவலிக்குப் பூசும் தைல டப்பாவைப்போல ஒரு தோற்றம். பேணாட் அதைப் பூட்டி என்ஜினை ஓடவிட்டார். முள் துள்ளி எழுந்து ஆறில் நின்றது. பக்கத்தில் நேவி கேஜ் மூன்றில்.

"நானா, ஆறு றாத்தல்" என்றார் பேணாட். "அந்த ஊசிக் கதவு பாவம், அதுக்கு என்னெண்டு அடைக்க ஏலும்?"

லாபிர் தன் கேஜின் பக்கம் நின்றார். கீறல் விழுந்த சாமானை நம்பி நேவியின் சாமானைக் குற்றம் சொல்வது எப்படி? பேணாட்டின் கேஜ் உழவு மெசினோடு சேற்றில் கிடந்து வந்தது அல்லவா? இரண்டு கேஜ் இரண்டு கதை சொன்னால், மூன்றாவதாக ஒரு சாட்சி வேண்டும் என்றார்.

"மூண்டாம் சாட்சி தண்ணி" என்றார் பேணாட். தண்ணீருக்கு ஒரு பக்கமும் சாய்வில்லை; ஏழு அடி உயரத்துத் தண்ணீர் அடியில் மூன்று றாத்தல் அமத்தும், அது லண்டனிலும் அப்படித்தான் பாலையூற்றிலும் அப்படித்தான் என்று, தான் லண்டனுக்குப் போய்வந்தவர்போலச் சொன்னார். நீளமான பிளாஸ்ரிக் குழாய் ஒன்றில் தண்ணீரை நிரப்பி, ஒரு முனையில் கேஜைச் செருகிக் கட்டினார்கள். மறுமுனையைப் பிடித்துக்கொண்டு லாபிர் கராஜ் மாமரத்தில் ஏறினார். ஐம்பது வயதில், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, மாதா கோயிலுக்குப் போகிற பெண்கள் பார்க்க, மரத்தில் குழாயோடு தொங்கினார்.

முதலில் பேணாட்டின் கேஜ். குழாயை ஏழு அடிக்கு உயர்த்தினால் மூன்று. கிளையில் ஏறி இரண்டு மடங்கு உயர்த்தினால் ஆறு. இறக்கினால் பணிவாகப் பூச்சியத்துக்கு இறங்கியது.

பிறகு நேவி கேஜ். ஏழு அடியில் மூன்று என்றது. மரத்தின் மேலிருந்து லாபிர் "பாத்தியா" என்றார். பேணாட் இன்னும் ஏறச் சொன்னார். உச்சிக் கிளையிலும் மூன்று. குழாயைக் கழற்றித் தண்ணீரை ஊற்றிவிட்டு வெறுமையாகப் பிடித்தாலும் மூன்று.

பேணாட் சிரிக்கப் பார்த்தார். லாபிரின் முகத்தைக் கண்டு பாதியில் அடக்கினார். "நல்ல உறுதியான ஆள் நானா. இப்பிடி ஒருத்தன் கிடைச்சா நான் என்ர தங்கச்சியைக் கட்டிக் குடுப்பன். ஆனா கேஜா வைச்சிருக்க ஏலாது."

பம்புக்கு அடியில் தடித்த பக்கிங் அட்டைகள் வெட்டி வைத்தார். பக்கிங் கூடக்கூட பம்பின் கை என்ஜினுக்குள் எட்டுவது குறையும், தள்ளுகையும் குறையும். வைத்துப் பார்த்து, கழற்றி, இன்னொன்று சேர்த்து, கடைசியில் சின்ன கேஜின் முள் மூன்றுக்குக் கொஞ்சம் கீழே வந்து அடங்கியது. வெயிலில் பாலையூற்றைச் சுற்றி ஓட்டினார்கள். கார் நிற்கவில்லை. கோயில் முன்னால்கூட நிற்கவில்லை.

சந்தோஷப்பட வேண்டிய லாபிர் பித்தளைக் கேஜைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். இனி இது தேவையில்லை, குழாயையும் எடுத்துவிடுவோம் என்றார் பேணாட். அப்படிச் செய்ய ஏலாது என்றார் லாபிர். ஊரில் ஒரு மாப்பிள்ளை, தான் வாங்கிவந்த மணிக்கூட்டைக் குசினியில் மாட்டினார்கள் என்பதற்காகக் கோபித்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போனவர், இன்னும் திரும்பி வரவில்லை. இங்கே பெண் நிறைமாதம். இந்த நேரத்தில் ஜவாஹிர் மூதூருக்குப் போய்விட்டால்?

"அப்ப சும்மா கட்டிவிடு நானா. பெற்றோல் குடுக்காத. இந்தப் பாரம் பள்ளத்தில ஆடி ஆடிக் குழாயைக் கழட்டிப் போடும். கீழ சைலன்சர் குழாய் கொதிச்சுக்கொண்டு இருக்கு."

"குழாய் இல்லாமக் கட்டினா அவர் பாத்திருவார்."

"பாத்தா?"

"பாத்தா மனம் நோகும் பேணாட்."

பேணாட் தன் கையால் அதைப் பூட்ட மாட்டேன் என்றார். லாபிர் தானே பூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மறுநாள் காலை ஜவாஹிர் சைக்கிளை எடுக்கும்போது வழக்கம்போல் கண்ணாடிப் பக்கம் குனிந்து பார்த்து, "மூண்டுல நிக்கிது மாமா" என்றார். "அது அசையாது மருமகன்" என்றார் லாபிர், மனமாரப் பொய் சொல்லாத திருப்தியோடு.

குத்து எடுத்தது ஒரு வெள்ளிக்கிழமை, வெயில் உச்சிக்கு ஏறும் நேரம். இரும்புக் கடை வெள்ளியில் பூட்டு, ஆகையால் ஜவாஹிர் வீட்டில் இருந்தார். ஜெஸீமா கிணற்றடியில் குந்தியவள் எழும்பவில்லை. பரீதா ஓடிப்போய்ப் பிடித்தாள். பெட்டியும் பாயும் துணிமூட்டையும் முதலே கட்டி வைத்திருந்தபடியால், அடுப்பில் கிடந்த சோற்றை யார் இறக்குவது என்பது மட்டுமே அந்த வீட்டில் மிஞ்சிய கேள்வி. அதையும் ஒருவரும் இறக்கவில்லை.

பின்சீட்டில் பரீதாவின் மடியில் ஜெஸீமா. முன்சீட்டில் ஜவாஹிர். கார் ஒரே சுழற்றில் ஸ்டார்ட் ஆனது. லாபிர் ஸ்டியறிங்கைத் தடவிக் கொடுத்தார். துறையடி வீதியில் மாட்டு வண்டிகள் தோண்டிவைத்த பள்ளங்கள். மெதுவாகப் போனால் நேரம் போகிறது. விரைவாகப் போனால் பின்னால் மகள் கத்துகிறாள். ஒவ்வொரு பள்ளத்திலும் கண்ணாடிக்கு வெளியே பித்தளைக் கேஜ் குனிந்து ஸலாம் சொன்னது. முள் மூன்றில்.

துறைக்கு முந்திய வளைவில் லாபிருக்கு மணந்தது. பெற்றோல். அவர் தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினார். கொஞ்ச நேரத்தில் ஜவாஹிரும் தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினார். மாமா வெக்கையில் இறக்கினார் என்று மருமகனும், மருமகன் வெக்கையில் இறக்கினார் என்று மாமாவும் காட்டிக்கொண்டார்கள். கச்சான் உள்ளே புகுந்து எல்லாரையும் வறுத்தது. என்ஜின் மூடியின் இடுக்கால் மெல்லிய ஆவி ஒன்று கண்ணாடிக்கு முன்னால் நடுங்கியது. அது வெயிலின் கானல் என்று சொல்லலாம். லாபிர் தனக்கு அப்படித்தான் சொன்னார்.

பாதை இக்கரையில் நின்றது அல்லாஹ்வின் காவல். பாதைக்கு மூத்த ஆளான அலியார், காருக்குள் ஜெஸீமா கிடப்பதைக் கண்டதும் நெல் லொறி ஒன்றைப் பின்னால் தள்ளிவிட்டு இவர்களை ஏற்றினார். பாதையில் என்ஜினை நிறுத்த வேண்டும் என்பது ஒழுங்கு. லாபிர் நிறுத்தினார். பாதை துறையை விட்டு நகர்ந்தது. என்ஜின் சத்தம் அடங்கியதும் இன்னொரு சத்தம் கேட்டது: மூடிக்குக் கீழே ஏதோ துளி துளியாகச் சுடுசட்டியில் விழுவதுபோல், ஸ்ஸ், ஸ்ஸ்.

பக்கத்தில் இரண்டு பேர் பீடி புகைத்துக்கொண்டு காரில் சாய்ந்திருந்தார்கள்.

லாபிர் கதவுப் பிடியில் கை வைத்தார். இறங்கி மூடியைத் திறந்தால் கேஜைக் கழற்ற வேண்டும். கழற்றினால் ஏன் என்று சொல்ல வேண்டும். ஜவாஹிரும் தன் பக்கத்துக் கதவுப் பிடியில் கை வைத்திருந்தார். இரண்டு பேரும் மூன்றில் நின்ற முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜெஸீமா ஒருமுறை வீறிட்டாள். பிறகு வாய் ஓய்ந்து மூச்சு மட்டும் வந்தது.

"மருமகன்."

குரல் பின்னாலிருந்து வந்தது. மகள்தான் கூப்பிடுகிறாள் என்று லாபிர் நினைத்தார். ஜெஸீமா ஜவாஹிரை ஒருநாளும் மருமகன் என்று கூப்பிட்டதில்லை என்பது அடுத்த நொடியில்தான் உறைத்தது.

"மருமகன், பெற்றோல் மணக்கிது" என்றாள் பரீதா. "ஒங்களுக்கும் மணக்கிது, ஒங்கட மாமாக்கும் மணக்கிது. ரெண்டு பேரும் எறங்கிப் போய் அந்தப் பித்தளச் சனியனக் கழட்டுங்க. ஒங்கட மரியாதையில என்ட புள்ள பத்தி எரியப் போறாள்."

ஒன்றரை வருஷம் சுவர் கேட்டுவந்த குரல். இரண்டு கதவுகளும் ஒரே நேரத்தில் திறந்தன.

அலியார் விஷயத்தை மணத்திலேயே பிடித்துக்கொண்டு பீடிக்காரர்களின் வாயிலிருந்ததைத் தட்டித் தண்ணீரில் விழுத்தினார். மூடியைத் தூக்கினால், கேஜின் கழுத்தில் குழாய் தளர்ந்து, பெற்றோல் குழாயோடு கோடாக மூடிக்குள் வழிந்து, கொதிக்கிற இரும்புக்கு ஒரு விரல் தள்ளிச் சொட்டிக்கொண்டிருந்தது; இடைக்கிடை ஒரு துளி இரும்பிலும் பட்டு ஆவியானது. லாபிர் கம்பியை முறுக்கிக் கழற்றினார். ஜவாஹிர் கேஜைத் தாங்கிப் பிடித்தார்.

"மருமகன், ஒரு கத சொல்லணும்" என்றார் லாபிர், முறுக்கிலிருந்து கண்ணெடுக்காமல். "இது… வேல செய்யிற இல்ல."

"தெரியும் மாமா."

லாபிரின் கை நின்றது.

"கொண்டாந்து மூண்டாம் நாள் காலையில பாத்தனான். கார் ஸ்டார்ட் எடுக்க முந்தியே மூண்டுல நிண்டது. கழட்டிருவீங்க எண்டு பாத்துக்கிட்டு இருந்தன். நீங்க ஊரெல்லாம் கூப்பிட்டுக் காட்டினீங்க. பொறகு நான் எப்பிடிச் சொல்ற?"

"அப்ப காலையில காலையில மூண்டு மூண்டு எண்டு சொன்னது?"

"நீங்க சந்தோசப்படுவீங்க எண்டு."

கேஜ் கழன்று வந்ததும் குழாயின் முனையை இரண்டாக மடித்து, கேஜைக் கட்டியிருந்த அதே கம்பியால் இறுக்கிச் சுற்றினார். சொட்டு நின்றது. சிந்தியதைத் துடைக்கத் துணி தேடினார். அதற்குள் ஜவாஹிர் தன் வெள்ளைச் சேட்டைக் கழற்றிவிட்டார். மாமியின் கண்முன்னால், ஓட்டை விழுந்த பெனியனோடு, மூடிக்குள் தலையை விட்டு இடுக்கெல்லாம் துடைத்தார். துடைத்த சேட்டை அலியார் வாங்கித் தண்ணீரில் எறிந்தார். அது கொஞ்சத் தூரம் மிதந்து வந்தது.

காற்று மிச்சத்தைக் கொண்டுபோகட்டும் என்று மூடியைத் திறந்தபடி நின்றார்கள். அக்கரை நெருங்கியது. இனி இருந்தது ஒரே கேள்வி. சூடான என்ஜின், நடு வெயில், இறங்குதுறைச் சரிவு: அந்தக் கார் நிற்பதற்கென்றே படைக்கப்பட்ட இடம். பாதையிலிருந்த ஆட்கள் சொல்லாமலே காருக்குப் பின்னால் வந்து நின்றார்கள், பழக்கத்தில்.

லாபிர் ஏறி உட்கார்ந்தார். கண்ணாடிக்கு வெளியே கேஜ் இருந்த இடம் வெறுமையாக இருந்தது. வீதி நன்றாகத் தெரிந்தது. பிஸ்மி சொல்லி ஸ்டார்ட்டரை இழுத்தார். என்ஜின் ஒருமுறை இருமியது. இரண்டாவது இழுப்பில் பிடித்துக்கொண்டு, பேணாட் பாலையூற்றில் விட்ட அதே சுருதியில் ஓடத் தொடங்கியது. தள்ள வந்தவர்கள் தள்ளுவதற்கு ஒன்றுமில்லாமல் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

வெள்ளைமணல், சீனக்குடா, பாலையூற்று. கராஜ் வாசலில் நின்ற பேணாட் கார் போகிற வேகத்தைக் கண்டு கை தூக்கினார். லாபிர் ஹோர்னை மட்டும் அடித்தார். எங்கேயும் நிற்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அவளை உள்ளே கொண்டுபோனார்கள். பரீதாவும் கூடப் போனாள். விறாந்தை வாங்கில் மாமாவும் மருமகனும் உட்கார்ந்தார்கள். இடையில் கேஜ் கிடந்தது. ஜவாஹிர் கழற்றியதைக் காருக்குள் விட மறந்து, பெனியனோடும் பித்தளையோடும் உள்ளே வந்திருந்தார். போகிறவர்கள் எல்லாரும் அவரை மெசின் திருத்த வந்த ஆள் மாதிரிப் பார்த்தார்கள். லாபிர் பிளேன்டீ வாங்கி வந்தார். தின்ன ஒரேயொரு பனிஸ்தான் கிடைத்தது. ஜவாஹிர் அதைப் பிய்த்துப் பெரிய பாதியை நீட்டினார். லாபிர் வாங்கித் தின்றார். அங்கே பூனை இல்லை.

வெயில் விறாந்தையின் ஒரு தூணிலிருந்து அடுத்த தூணுக்கு நகர்ந்தபிறகுதான் கதவு திறந்தது. பரீதா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே வந்தாள். அழுதிருந்தாள். லாபிர் வாங்கிலிருந்து எழும்பினார். பரீதா கணவனைப் பார்க்கவில்லை, மருமகனைப் பார்க்கவில்லை. நேரே எதிரே இருந்த வெள்ளைச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

"பொம்புளப் புள்ள" என்றாள் சுவரிடம். "வெட்டித்தான் எடுத்த. ரெண்டு உசிரும் சுகம். புள்ளட வாப்பா போய்ப் பாக்கலாமாம். ஒரு சேட்டுப் போட்டுக்கிட்டுப் போகச் சொல்லு."

சுவர் கேட்டுக்கொண்டது. ஜவாஹிர் லாபிரைப் பார்த்தார். லாபிர் தன் சேட்டைக் கழற்றி நீட்டினார்.

மாலையில் பரீதாவை மகளிடம் விட்டுவிட்டு இரண்டு பேரும் திரும்பினார்கள். சேட் மருமகனிடம், பெனியன் மாமாவிடம். பாதையில் ஏறியதும் அலியார் ஓடிவந்து விசாரித்தார். கேட்டு, அல்ஹம்துலில்லாஹ் என்றார். பிறகு சீட்டில் கிடந்த கேஜைக் கண்டு கையில் எடுத்துப் பார்த்தார். பகலில் இதைச் சரியாகப் பார்க்கவில்லை என்றார். என்ன பாரம், என்ன பித்தளை, வெள்ளைக்காரன் சாமான் சாமான்தான் என்றார். இருட்டுகிற நேரமாகையால் இலக்கம் அவருக்குப் பிடிபடவில்லை.

"எத்தினையில நிக்கிது?" என்று கேட்டார்.

"மூண்டு" என்றார்கள் இரண்டு பேரும், ஒரே நேரத்தில், பார்க்காமலே.